குறைத்தால் கூடும் வேகம்

கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர் அதன் மேல் ஒட்டியிருக்கும் பளபள ஸ்டிக்கர்களைப் படிப்பதற்கு முன் சார்ஜரைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. அதன் முதுகில் பொடி எழுத்தில் 19.5 வோல்ட், 11.8 ஆம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 230 வாட். ஸ்டிக்கரில் விளம்பரத் துறையின் கைவண்ணம் இருக்கலாம், இந்த எண்ணில் அதற்கு இடமில்லை. செயலி, கிராபிக்ஸ் சிப், திரை, நினைவகம், காற்றாடிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு முக்கினாலும் சுவரிலிருந்து இதற்கு மேல் இழுக்க முடியாது என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

உள்ளே போகும் அந்த மின்சாரம் என்ன ஆகிறது? கணினிச் சிப் எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. கோடிக்கணக்கான கணக்குகள் போட்டாலும், இயற்பியலின் பார்வையில் அது ஒரு சிறிய ஹீட்டர். உள்ளே போன ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகவே வெளியே வரும். ஆகவே லேப்டாப்புக்கு இரண்டு எல்லைகள்: எவ்வளவு வாட் உள்ளே வரலாம், எவ்வளவு வெப்பம் வெளியே போகலாம். இரண்டில் எது சிறியதோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு கிலோ எடை, இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பெட்டியில் பெரும்பாலும் முதலில் தோற்பது இரண்டாவது எல்லைதான்.

2021 ஜனவரியில் என்விடியா தன் 30 வரிசை கிராபிக்ஸ் சிப்புகளை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தபோது இந்த விஷயம் சந்திக்கு வந்தது. ஆர்டிஎக்ஸ் 3080 என்ற ஒரே பெயரில் 80 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் விற்றது, 150 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் விற்றது. சிப் ஒன்றேதான், தயாரிப்பாளர் அதற்கு எவ்வளவு வாட் ஒதுக்கினார் என்பதில்தான் வித்தியாசம். மெல்லிய உடலுக்குள் 80 வாட்டில் அடைபட்ட 3080-ஐ, தடித்த உடலில் 125 வாட் கிடைத்த 3070-ஆல் முந்திவிட முடிந்தது. வாங்கியவர்கள் குரல் எழுப்பினார்கள். இனி வாட் அளவையும் கடிகார வேகத்தையும் விற்பனைப் பக்கத்தில் வெளிப்படையாகப் போட வேண்டும் என்று லேப்டாப் நிறுவனங்களிடம் என்விடியா சொல்ல நேர்ந்தது. அதே வரிசையின் இளைய உறுப்பினரான ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் சிப்பை இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாக வைத்துக்கொள்வோம். உலகெங்கும் ஏராளமாக விற்ற சிப் அது. அதற்கு என்விடியா வகுத்த எல்லை 60 வாட் முதல் 115 வாட் வரை. கீழ் முனையில் அதன் பூஸ்ட் வேகம் 1283 மெகாஹெர்ட்ஸ், மேல் முனையில் 1703 மெகாஹெர்ட்ஸ்.

இந்த நான்கு எண்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். வாட் 92 சதவீதம் கூடியிருக்கிறது. வேகம் 33 சதவீதம்தான் கூடியிருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

டிரான்சிஸ்டர் ஒன்றின் கதவு ஒரு குட்டி மின்தேக்கி. அது திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதில் மின்னூட்டத்தை நிரப்பிக் கொட்ட வேண்டும். ஒருமுறை நிரப்பிக் கொட்ட ஆகும் ஆற்றல், மின்தேக்கியின் அளவைப் பொறுத்தது. அத்துடன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. நொடிக்கு எத்தனை முறை இது நடக்கிறது என்பது கடிகார வேகம். ஆகச் சிப்பின் வாட் கணக்கில் வேகம் ஒருமுறை பெருக்கப்படுகிறது, வோல்டேஜ் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. சிக்கல் என்னவென்றால், வேகத்தைத் தனியாகக் கூட்ட முடிவதில்லை. கதவு சீக்கிரம் திறக்க வேண்டுமானால் அதிக மின்னோட்டம் பாய வேண்டும், அதற்கு வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். வேகத்தையும் வோல்டேஜையும் ஆளுக்கு 5 சதவீதம் ஏற்றினால் வாட் கிட்டத்தட்ட 16 சதவீதம் ஏறும். திருப்பிப் போட்டால் கதை இனிக்கிறது: வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 10 சதவீதம் இறக்க முடிந்தால், இந்தக் கணக்கின்படி 19 சதவீதம் மிச்சம்.

வோல்டேஜை இறக்கிக்கொண்டே போகலாம் என்ற நம்பிக்கையில்தான் கணினித் துறை முப்பது ஆண்டுகள் வாழ்ந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974-ல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையின் சாசனம். டிரான்சிஸ்டரின் நீள அகலங்களை எந்த விகிதத்தில் சுருக்குகிறோமோ அதே விகிதத்தில் வோல்டேஜையும் சுருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆகும் வாட் மாறவே மாறாது என்று அவர்கள் காட்டினார்கள். சிப் சிறிதாகும், வேகமாகும், சூடு ஏறாது. கேட்பதற்கு அநியாயமாகத் தோன்றும் இந்தச் சலுகை 2000-களின் நடுப்பகுதி வரை கிடைத்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றுபோனது. வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் டிரான்சிஸ்டரின் கதவு சரியாக மூடாது. மூடிய கதவின் இடுக்கிலும் மின்சாரம் கசியும். கசிவு, சூடு ஏற ஏற வேகமாகப் பெருகும். அதாவது சூடான சிப், அதே வேலையைச் செய்யக் குளிர்ந்த சிப்பைவிட அதிக வாட் கேட்கும். அந்த வாட் அதை இன்னும் சூடாக்கும்.

2004-ல் இன்டெல் டேஜஸ் என்ற தன் அடுத்த தலைமுறைச் செயலியைப் பாதியில் கைவிட்டது. அதே ஆண்டில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 என்ற வாக்குறுதியையும் திரும்பப் பெற்றது. அந்த வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. அதன் வாட் மதிப்பு 115. நம் 3060 லேப்டாப் சிப்பின் மேல் எல்லையும் அதே 115 என்பது தற்செயல்தான், ஆனால் ரசிக்கத்தக்க தற்செயல். அந்தப் பென்டியத்தில் சுமார் 12.5 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 3060-ல் சுமார் 1,200 கோடி. நூறு மடங்கு டிரான்சிஸ்டர்கள், அதே வாட், பாதிக்கும் குறைவான கடிகார வேகம்.

இங்கேதான் லேப்டாப் வடிவமைப்பின் சூட்சுமம் இருக்கிறது. மேசைக் கணினிக்கான 3060 அட்டைக்கு 170 வாட் ஒதுக்கீடு, 3584 கணக்கீட்டு மையங்கள். லேப்டாப் 3060-க்கு வாட் குறைவு, ஆனால் மையங்கள் 3840. குறைந்த மின்சாரம் கிடைக்கும் தம்பிக்கு அதிகக் கைகள். வோல்டேஜுக்கு வர்க்கக் கணக்கில் விலை கொடுக்க வேண்டியிருப்பதால், சில மையங்களை விரட்டி விரட்டி ஓட்டுவதைவிட, பல மையங்களைக் குறைந்த வோல்டேஜில் நிதானமாக நடத்துவது மலிவு. என்விடியாவின் பொறியாளர்களுக்கு இது தெரியும். லேப்டாப்பை வாங்கி அன்றே ஓவர்க்ளாக் செய்யத் துடிப்பவருக்குத்தான் இது மறந்துபோகிறது.

சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதைச் சொல்லும் ஓவர்க்ளாக் என்ற சொல் மேசைக் கணினிக் காலத்திலிருந்து வந்தது. அங்கே மின்சாரம் தாராளம், குளிர்விக்கும் இடமும் தாராளம். வோல்டேஜை ஏற்றி வேகத்தை ஏற்றுவதுதான் வழக்கம். லேப்டாப்பில் அது நடக்காது. பெரும்பாலான லேப்டாப்புகளில் கிராபிக்ஸ் சிப்பின் வாட் உச்சவரம்பு ஃபர்ம்வேரில் பூட்டப்பட்டிருக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளைத் திறந்தால் அந்த வரம்பை நகர்த்தும் பட்டி சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கும். கடிகார வேகத்துக்கான பட்டி மட்டும் நகரும். அதைக்கூட ஒருமுறை என்விடியா பூட்டப் பார்த்தது. 2014 முடியும் தறுவாயில் வந்த டிரைவர் ஒன்று, 900எம் வரிசை லேப்டாப் சிப்புகளில் ஓவர்க்ளாக் வசதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. கேட்டபோது, அது வசதியே இல்லை, டிரைவரில் புகுந்த பிழை, அதைத்தான் திருத்தினோம் என்று என்விடியா தரப்பிலிருந்து பதில் வந்தது. பயனர்கள் கொதித்தார்கள். 2015 பிப்ரவரியில் நிறுவனம் இறங்கிவந்து, அடுத்த டிரைவரில் வசதியைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. லேப்டாப்பின் வெப்பக் கட்டுப்பாடு பற்றி நிறுவனம் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. அதைப் பிழை என்று பெயரிட்டதில் இல்லை.

சரி, அந்த ஒற்றைப் பட்டியை +150 மெகாஹெர்ட்ஸ் என்று நகர்த்தினால் உண்மையில் என்ன நடக்கிறது? சிப் 150 மெகாஹெர்ட்ஸ் வேகமாகிவிடுகிறது என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. என்விடியா சிப்புகள் 2012-ல் வந்த கெப்ளர் தலைமுறையிலிருந்து தம் வேகத்தைத் தாமே நொடிக்கு நொடி தீர்மானிக்கின்றன. 2016-ன் பாஸ்கல் தலைமுறையிலிருந்து, இன்ன வோல்டேஜுக்கு இன்ன வேகம் என்ற வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் பயனரே தனித்தனியாக நகர்த்தலாம். விளையாட்டு ஓடும்போது சிப் இந்தக் கோட்டில் மேலே ஏறிக்கொண்டே போகும். வாட் வரம்பையோ வெப்ப வரம்பையோ தொட்டதும் நின்றுவிடும், தேவைப்பட்டால் சில படிகள் இறங்கும். +150 என்பது இந்த முழுக் கோட்டையும் அப்படியே மேலே தூக்குகிறது.

கணக்குக்காக, உங்கள் சிப் 0.80 வோல்ட்டில் 1600 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது வாட் வரம்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டைத் தூக்கிய பிறகு அதே 0.80 வோல்ட் புள்ளியில் 1750 எழுதியிருக்கிறது. ஆனால் 1750-ல் ஓட, வோல்டேஜ் மாறாவிட்டாலும், வாட் 9 சதவீதம் அதிகம் வேண்டும். அது பூட்டியிருக்கிறது. எனவே சிப் கோட்டில் சற்றுக் கீழே இறங்கி, ஏறக்குறைய 0.77 வோல்ட்டில், 1690-ஐ ஒட்டிய ஒரு வேகத்தில் நிலைகொள்ளும். அதே வாட், குறைந்த வோல்டேஜ், கூடுதல் வேகம். வாட் வரம்பு பூட்டப்பட்ட லேப்டாப்பில் ஓவர்க்ளாக் செய்வதும் அண்டர்வோல்ட் செய்வதும் ஒரே செயலின் இரண்டு பெயர்கள். ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சிப் எவ்வளவு வோல்டேஜ் வாங்குகிறதோ அதைக் குறைக்கிறோம். மிச்சமானதை வேகமாக எடுத்துக்கொள்வதா குளிர்ச்சியாக எடுத்துக்கொள்வதா என்பது நம் விருப்பம்.

வோல்டேஜைக் குறைத்தும் சிப் ஓடும் என்றால், தொழிற்சாலையிலேயே ஏன் குறைக்கவில்லை? ஒரே வேஃபரில் அறுத்தெடுத்த சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சில குறைந்த வோல்டேஜிலேயே துள்ளி ஓடும், சில முரண்டு பிடிக்கும். லட்சக்கணக்கில் விற்கும் நிறுவனம், தேறியவற்றில் மோசமானதும் பிழையின்றி ஓடும்படி வோல்டேஜ் வைக்க வேண்டும். அதற்கு மேலும் சில காப்புகள் சேரும். விளையாட்டில் ஒரு வெடிப்புக் காட்சி வரும்போது சிப்பின் மின்னோட்டம் நொடியின் மிகச் சிறு பின்னத்தில் எகிறும், அந்த இழுப்பில் வோல்டேஜ் ஒரு கணம் சரியும். அந்தச் சரிவைத் தாங்க ஒரு பங்கு. ஆண்டுகள் போகப் போக டிரான்சிஸ்டர்கள் தளரும், அதற்கு ஒரு பங்கு. உங்கள் சிப் நல்ல சிப்பாக அமைந்திருந்தால் இந்தக் காப்புகளில் கணிசமான பகுதி வீணாகக் கிடக்கிறது. அதைத்தான் நாம் எடுக்கிறோம். முழுவதையும் எடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து, டிரைவர் செத்துப் பிழைக்கும். இரண்டு நொடிகள் கிராபிக்ஸ் சிப்பிடமிருந்து பதில் வராவிட்டால் விண்டோஸ் தானாகவே அதை மீட்டமைக்கும். விளையாட்டு மட்டும் அநேகமாக மூடிக்கொள்ளும். வன்பொருளுக்கு இதனால் சேதம் இல்லை. வோல்டேஜை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது: ஏற்றுவதில் தவறினால் சிப்பின் ஆயுள் குறையும், இறக்குவதில் தவறினால் ஆட்டம் கெடும்.

இதுவரை கிராபிக்ஸ் சிப்பைப் பற்றியே பேசினோம். அதன் பக்கத்திலேயே ஒரு பங்காளி உட்கார்ந்திருக்கிறார். 3060 சிப்போடு பல லேப்டாப்புகளில் சேர்ந்து வந்த கோர் ஐ7-10750எச் செயலியை எடுத்துக்கொள்வோம். இன்டெல் அதற்குக் குறித்தது 45 வாட், அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 5.0. லேப்டாப் தயாரிப்பாளர் அனுமதித்தால் குறுகிய நேரத்துக்கு அது 45-ன் இரு மடங்கைக்கூட இழுக்கும். செயலிக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் இடையே பெரும்பாலும் பொதுவான செம்புக் குழாய்கள்தான் வெப்பத்தைக் கடத்துகின்றன. ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கிய கதை இது. ஒரு மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போட்டால் ஊற்று கூடிவிடாது. பக்கத்து வயல்தான் காயும்.

விளையாட்டுகளில் பெரும்பாலும் செயலிக்கு அவ்வளவு வேலை இல்லை. உயர் தரக் காட்சியமைப்பில் தடையாக நிற்பது கிராபிக்ஸ் சிப்தான். செயலி தன் பங்கை முடித்துவிட்டுக் காத்திருக்கும். ஆனால் அது சும்மா காத்திருக்காது. விண்டோஸின் உயர்செயல்திறன் திட்டத்தில் இருந்தால், சிறு வேலைக்கும் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் பாய்ந்து, தேவையற்ற வெப்பத்தைப் பொதுக் குழாயில் கொட்டிக்கொண்டிருக்கும். இதற்கு லேப்டாப் பயனர்களிடையே புழங்கும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. பவர் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில், செயலியின் அதிகபட்ச நிலை என்ற இடத்தில் 100 சதவீதத்தை 99 ஆக்குவது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 100-க்குக் கீழே வைத்ததும், அடிப்படை வேகத்துக்கு மேலே பாயும் டர்போ முழுவதும் அணைந்துவிடும். 10750எச் தன் 2.6 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. செயலியின் சூடு சட்டென்று இறங்கும், கிராபிக்ஸ் சிப் மூச்சு விடும். கதை சொல்லும் விளையாட்டுகளில் பலருக்கு ஃப்ரேம் எண்ணிக்கை மாறியதே தெரியாது. போட்டி விளையாட்டுகளிலும், ஆயிரம் படைவீரர்களைத் தனித்தனியாகக் கணக்கிடும் வியூக விளையாட்டுகளிலும் இது முட்டாள்தனம். அங்கே செயலிதான் தடை, டர்போவை அணைத்தால் ஆட்டம் திக்கும். என்னைக் கேட்டால், இந்த 99 வைத்தியம் கோடாலியால் நகம் வெட்டுவது. டர்போவை விட்டுவைத்து, செயலியின் நீண்டநேர வாட் வரம்பை 45-லிருந்து 30 அல்லது 35-க்கு இறக்குவது நாகரிகமான வழி. பல லேப்டாப்புகளின் சொந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே அதற்கு இடம் உண்டு.

இந்தப் பங்கீட்டை இயந்திரமே செய்துகொள்ளும் ஏற்பாடும் வந்துவிட்டது. 2020-ல் என்விடியா டைனமிக் பூஸ்ட் என்ற பெயரிலும் ஏஎம்டி ஸ்மார்ட்ஷிஃப்ட் என்ற பெயரிலும், செயலி பயன்படுத்தாத வாட்டைக் கிராபிக்ஸ் சிப்புக்குத் தள்ளும் வசதியைக் கொண்டுவந்தன. என்விடியாவின் முதல் வடிவத்தில் 15 வாட் வரை கைமாறும். செயலியைக் கையால் அடக்கும்போது இதற்கும் வழி திறக்கிறோம் என்பதைக் கவனியுங்கள்: செயலி விட்டுக்கொடுத்தால்தானே தள்ளுவதற்கு ஏதாவது இருக்கும்.

செயலியையும் அண்டர்வோல்ட் செய்யலாமே என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் எளிதாகச் செய்தார்கள். 2019 டிசம்பரில் அதற்கு எதிர்பாராத திசையிலிருந்து பூட்டு விழுந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகம், கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் கேயு லூவன் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் முறையை வெளியிட்டார்கள். அன்றைய இன்டெல் செயலிகளுக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற ரகசிய அறை ஒன்று இருந்தது. இயங்குதளத்தால்கூட எட்டிப்பார்க்க முடியாதபடி அமைந்த அறை அது. மென்பொருள் வழியாகவே வோல்டேஜைச் சரியான கணத்தில் சற்று இறக்கியபோது, அந்த அறைக்குள் நடந்த பெருக்கல் தப்பானது. தப்பான விடைகளை வைத்து உள்ளே இருந்த குறியாக்கச் சாவியைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. இன்டெல் மைக்ரோகோடு வழியாகவும் பயாஸ் வழியாகவும் வோல்டேஜ் கட்டுப்பாட்டைப் பூட்டும் திருத்தத்தை வெளியிட்டது. தன் லேப்டாப் சற்றுக் குளிரட்டும் என்று நினைத்த கல்லூரி மாணவரின் கதவும் அதோடு சாத்தப்பட்டது. பயாஸைப் புதுப்பித்த மறுநாள் லேப்டாப் திடீரென்று சூடாக ஓடத் தொடங்கினால், காரணம் தூசியாக இல்லாமல் இதுவாக இருக்கக்கூடும். கிராபிக்ஸ் சிப்பின் வளைகோட்டுக்கு இந்தப் பூட்டு இல்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

இனி வெப்பம் வெளியேறும் வழி. செம்புக் குழாய் என்றதும் கெட்டியான செம்பு என்று நினைக்க வேண்டாம். உள்ளே காற்று நீக்கிய வெற்றிடம், அதில் சிறிதளவு நீர், சுவர் முழுக்க நுண்துளைப் படலம். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகும். சிப்பின் பக்கம் ஆவியான நீர், காற்றாடியின் பக்கம் போய்க் குளிர்ந்து, படலத்தின் வழியாக ஊறித் திரும்பிவரும். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கியது விண்கலங்களுக்கான மின்னுற்பத்தி அமைப்பை மனத்தில் வைத்து. 115 வாட்டைக் கடத்த நொடிக்கு எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும் என்று கணக்குப் போட்டால் 0.05 கிராம் வருகிறது. நொடிக்கு ஒரு சொட்டு. ஒரு சொட்டு நீர் ஆவியாகித் திரும்புவதில் ஒரு கிராபிக்ஸ் சிப்பின் முழுச் சூடும் போய்விடுகிறது.

குழாய் மறுமுனைக்குக் கொண்டுவந்த வெப்பத்தைக் காற்றில் கலப்பதுதான் கடினமான பகுதி. காற்றாடி இரட்டிப்பு வேகத்தில் சுற்றினால் இரட்டிப்புக் காற்று வரும், ஆனால் அதற்கு எட்டு மடங்கு மின்சாரம் வேண்டும், இரைச்சலோ சுமார் 15 டெசிபல் ஏறும். வெப்பத்தைத் தள்ளும் வேகம் வெளிக்காற்றின் வெப்பநிலையையும் பொறுத்தது. குறிப்பிட்ட வாட்டில் சிப் அறையைவிட 50 டிகிரி சூடாக ஓடுகிறது என்றால், ஏசி போட்ட 25 டிகிரி அறையில் 75. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் 86. லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் பெரும்பாலும் 87 டிகிரியை ஒட்டித்தான் தம் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகின்றன. குளிர்நாட்டில் அளந்து எழுதப்பட்ட விமர்சனத்தைப் படித்துவிட்டு நம் லேப்டாப்பில் குறை காண்பதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்துவிடுவது நல்லது. டிசம்பரில் தேறிய ஓவர்க்ளாக் மே மாதத்தில் தடுமாறுவதற்கும் இதுதான் காரணம்.

வெப்பத்துக்கான இடம் இவ்வளவு குறுகியது என்பதால், எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். முதலில் செயலியின் வாட்டை அடக்குவது. அதன் பிறகு கிராபிக்ஸ் கோட்டை 15, 20 மெகாஹெர்ட்ஸாகத் தூக்கி, ஒவ்வொரு படியிலும் உங்களிடம் இருப்பதிலேயே மிகக் கனமான விளையாட்டை அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பது. 3டிமார்க் போன்ற சோதனை மென்பொருளின் அழுத்தச் சோதனை ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, ஃப்ரேம் வீதம் 97 சதவீதமாவது நிலையாக இருந்ததா என்று சொல்லும்; வெப்பத்தால் வேகம் சரிகிறதா என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அதில் தேறிய அமைப்பு, ஒளிக்கதிர்த் தடமறிதலைப் பயன்படுத்தும் விளையாட்டில் ஐந்தே நிமிடத்தில் விழுவது சாதாரணம். சிப்பின் வேறு பகுதிகள் அங்கே விழித்துக்கொள்கின்றன.

நினைவகத்தின் கடிகாரத்தைத் தூக்குவதில் இரண்டு பொறிகள் உண்டு. கிராபிக்ஸ் சிப்புக்கான 115 வாட் என்பது நினைவகத்தையும் உள்ளடக்கியது; நினைவகம் வேகமாக ஓடி எடுத்துக்கொள்ளும் வாட், மையங்களின் தட்டிலிருந்து போகிறது. இன்னொன்று, ஜிடிடிஆர்5 காலத்திலிருந்தே இந்த நினைவகங்களின் தடத்தில் பிழை கண்டறியும் ஏற்பாடு இருக்கிறது. அளவு மீறித் தூக்கினால் உடனே விழாமல், தப்பாகப் போன தரவைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் எண் உயர்ந்திருக்கும், விளையாட்டு மெதுவாகியிருக்கும். ஃப்ரேம் எண்ணிக்கையை அளக்காமல் நினைவகத்தை ஏற்றுவதில் அர்த்தமில்லை.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் இந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. விமானத்தில் சிறப்பு அனுமதியின்றி எடுத்துச் செல்லும் பேட்டரிக்கு 100 வாட்-மணி உச்சவரம்பு. அதனால்தான் பெரிய லேப்டாப்புகளில் 99 அல்லது 99.9 என்று ஒரு விசித்திர எண் காணப்படுகிறது. 150 வாட்டில் விளையாடினால் அந்தப் பெரிய பேட்டரியும் 40 நிமிடம். அதற்கு முன்பே லித்தியம் செல்கள் அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தர மறுக்கும் என்பதால், பேட்டரியில் ஓடும்போது ஃபர்ம்வேரே கிராபிக்ஸ் சிப்பைக் கடுமையாக ஒடுக்கிவிடும். சிறிய சார்ஜரோடு வரும் சில மாடல்களில், சுவரில் செருகியிருந்தும் கனமான விளையாட்டில் பேட்டரி சதவீதம் மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். சார்ஜருக்கு மேல் தேவைப்பட்டதைப் பேட்டரி ஈடுகட்டுகிறது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் ஓவர்க்ளாக் செய்பவர் பேட்டரியின் ஆயுளைக் கொடுத்து ஃப்ரேம் வாங்குகிறார்.

2014-ல் என்விடியா பேட்டரி பூஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது செய்தது எளிய காரியம்: பேட்டரியில் ஓடும்போது நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு மேல் வரையாதே என்று சிப்பைத் தடுத்தது. அந்தத் தடையைச் சார்ஜர் போட்ட நிலையிலும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியாயிற்று, 144 ஃப்ரேம் வராவிட்டால் காசு வீண் என்ற எண்ணம்தான் தடுக்கிறது. நம் 3060-க்குத் திரும்புவோம். கிராபிக்ஸ் சிப் தடையாக இருக்கும் ஒரு விளையாட்டில் 115 வாட்டில் 120 ஃப்ரேம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகையில் அதிகபட்ச ஃப்ரேம் வீதம் 90 என்று போட்டால், சிப் தன் வேகத்தைக் கால் பங்கு குறைத்தால் போதும். என்விடியாவின் பட்டியலில் 1703-லிருந்து 1283-க்கு இறங்குவதும் ஏறத்தாழ அதே கால் பங்கு. அங்கே வாட் 115-லிருந்து 60-க்கு விழுகிறது. 55 வாட் வெப்பம் பெட்டிக்குள் பிறக்கவே இல்லை. செயலியும் ஒரு நொடிக்கு 30 ஃப்ரேம் குறைவாகத் தயாரித்தால் போதும். காற்றாடி இறங்கும், கசிவு குறையும், அனல் பறக்கும் காட்சி திடீரென்று வரும்போது ஏறிக்கொள்ள வாட்டிலும் வெப்பத்திலும் இடம் காலியாக இருக்கும். 120-க்கும் 70-க்கும் இடையே துள்ளிய ஃப்ரேம் வீதம் 90-ல் அசையாமல் நிற்கும்போது, கண்ணுக்கு 90-தான் வழுவழுப்பாகத் தெரியும். இதற்கு ஓவர்க்ளாக் மென்பொருள் எதுவும் வேண்டாம். ஆனாலும் அதே வளைகோட்டை 100 மெகாஹெர்ட்ஸ் தூக்கி வைத்திருந்தால், 90 ஃப்ரேமுக்கு ஆகும் வாட் இன்னும் சில வாட் குறையும்.